உறுமாத பெட்டி

உம்மைத்தான் சொல்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட உம் பெயர் எனக்குத் தெரியாது. எந்த ஊர்த் தொழிற்சாலையில் உட்கார்ந்து அந்தக் கம்ப்ரஸரை வரைந்தீர் என்பதும் தெரியாது. ஆனால் நீர் செய்தது திருட்டு. எங்கள் பெட்டியிலிருந்து சத்தத்தைத் திருடினீர். திருடிய இடத்தில் வேறொன்றும் வைக்காமல் போய்விட்டீர். அதனால் முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு சாவு வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பதில் சொல்லும்.

சாவு வீடுகளுக்குக் குளிர்பெட்டி வாடகைக்கு விடுவது என் தொழில். பழைய பெட்டியின் குணம் எங்கள் சீமையில் எல்லோருக்கும் தெரியும். கிளம்பும்போது தெருவிளக்கெல்லாம் ஒருமுறை மங்கும். பிறகு ஒப்பாரியையே அமுக்குகிற மாதிரி உறுமும். குளிர் ஏறியதும் 'டக்'கென்று நிற்கும். இறங்கியதும் மறுபடி உறுமும். மின்சாரம் குறைந்தால் முனகி முனகிப் படுத்துவிடும்.

நான் தொண்டை வறளப் பேரம் பேசி வாங்கிவந்த புதுப்பெட்டி அப்படியில்லை. மெல்லக் கிளம்பும். நிற்காமல் நிதானமாக ஓடும். குறைந்த மின்சாரத்திலும் ஓடும். அணைத்துவிட்டுப் போட்டால் மட்டும் உடனே கிளம்பாது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டுதான் கிளம்பும். சத்தம்? காதை ஒட்டி வைத்தாலும் கேட்காது. வெளியே குளிரைக் காட்டும் முள்ளும் இல்லை, விளக்கும் இல்லை.

அரியமுத்து இறந்தபோது அந்தப் பெட்டியைத்தான் கொண்டுபோனேன். அவருடைய மகள் காளீஸ்வரி மஸ்கட்டில் வீட்டு வேலை பார்க்கிறாள். போனில் அண்ணன் சேதுராசுவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்: "அப்பா முகத்தைப் பார்க்காம எடுத்தீங்கன்னா, அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன்." மறுநாள்தான் அவளால் வந்து சேர முடியும். அதுவரை அந்த முகம் கெடாமல் இருக்க வேண்டும்.

பெட்டியின் குணத்தைச் சேதுராசுவிடம் விளக்கினேன். கொட்டுச் சத்தத்துக்கு நடுவே தலையை ஆட்டினான். ஆட்டிய தலைக்குள் ஒன்றும் இறங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் இன்னொரு சாவுக்குப் பெட்டி இறக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை கொட்டு ஓய்ந்தது, வினை பிறந்தது. அரியமுத்துவின் தம்பி தவசி, அண்ணன் தலைமாட்டில் கண்ணாடியில் காதை வைத்துப் பார்த்தார்.

"டேய் சேதுராசு, பெட்டி செத்துப்போச்சுடா!"

"என்ன சித்தப்பா சொல்றீங்க?"

"ஓடுற பெட்டின்னா உறும வேணாமா? கண்ணாடியைப் பாரு, வேர்த்துக் கொட்டுது. உள்ள குளிர் உருகுது. பந்தல்ல டியூப்லைட்டே அழுது வடியுது, இது எங்கிட்டு ஓடும்?"

கூட்டத்தில் ஒருவர், "பெட்டிக்காரன் ஆளைப் பார்த்துத்தான் பெட்டி குடுப்பான்" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

சேதுராசு சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தான், போட்டான். சத்தமில்லை. மறுபடி அணைத்தான், போட்டான். தங்கை விமானத்தை விட்டு இறங்கிவிட்டாள் என்று போன் வந்தது. அதன் பிறகு அவன் விரல் சுவிட்சை விட்டு நகரவே இல்லை.

தவசியும் சும்மா இருக்கவில்லை. மீன் வண்டிக்காரரிடம் கெஞ்சி, ஐஸ் கட்டிகளை மரத்தூள் சாக்கோடு இறக்கினார். பெட்டியின் கால்மாட்டில் இருந்த கம்பி வலை தெரியாதபடி அடுக்கினார். "எங்கண்ணனுக்கு நானாவது குளிர் குடுக்கிறேன்" என்று அழுதார்.

அந்தக் கால்மாட்டில்தான் சேதுராசுவின் மனைவி பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து அந்த வலை வழியாக வந்த வெக்கை அவள் முழங்காலைச் சுட்டுக்கொண்டிருந்தது. புருஷன் சுவிட்சில் கை வைத்ததிலிருந்து அது நின்றுபோயிருந்தது. எழுந்தாள். சாக்குகளை இழுத்துத் தள்ளினாள். ஐஸ் வாசலில் உருண்டு உடைந்தது. புருஷன் கையைத் தட்டிவிட்டு, சுவிட்சைப் போட்டு, அதை முதுகால் மறைத்து நின்றுகொண்டாள்.

"இனி ஒருத்தரும் இதைத் தொடக் கூடாது."

"ஏத்தா, மாமனாருக்கு வச்ச ஐஸை அள்ளி எறியிறியே, நீ மனுசிதானா?"

"மனுசியா இருக்கப் போய்த்தான் எறிஞ்சேன், சின்ன மாமா."

"அப்ப எடுத்துருவோம். கெட்டுப்போன முகத்தை மக பார்க்கிறதுக்குப் பார்க்காமலே இருக்கட்டும். பாடையைக் கட்டுங்கடா!"

அவர்கள் ஆள் விட்டுக் கூப்பிட, நான் போய் இறங்கியது அந்த நேரத்தில்தான். மூங்கில் வந்துவிட்டது. காளீஸ்வரியின் கார் இன்னும் பரமக்குடியைத் தாண்டவில்லை. தவசி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "நீயே சொல்லுய்யா! நாங்க மூணு பேரும் செஞ்சதுல எது சரி?"

ஒருவர் ஐஸ் அடுக்கினார். ஒருவன் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டான். ஒருத்தி ஊர் பழிக்க இரண்டையும் தடுத்தாள். மூவரும் அந்த முகத்துக்காகத்தான் செய்தார்கள். கம்ப்ரஸரை வரைந்தவரே, பாடை கட்டி முடிக்குமுன் சொல்லும்: இதில் யார் செய்தது சரி?

விடை: பஞ்சவர்ணம் செய்ததுதான். உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளினால்தான் பெட்டி குளிரும். அந்த வெக்கைதான் அது ஓடியதற்குச் சாட்சி. கண்ணாடி வேர்த்தது குளிர் இருந்ததால். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வேர்ப்பதில்லையா? சேதுராசு அணைத்த ஒவ்வொரு முறையும் பெட்டி முதலிலிருந்து மூச்சு வாங்க வேண்டியதாயிற்று. தவசியின் ஐஸ் அதன் மூக்கைப் பொத்தியது. தவசியின் கையை இழுத்து வலைமேல் வைத்தேன். வெக்கை திரும்பி வந்திருந்தது. சட்டையை விட்டார். காளீஸ்வரி வந்தாள், கெடாமல் இருந்த அப்பா முகத்தைப் பார்த்தாள். ஆனால் "நீ மனுசிதானா" என்று அத்தனை பேர் முன்னால் ஒருத்தி வாங்கிய பேச்சை யாரய்யா திருப்பி வாங்குவது? சத்தத்தை எடுத்தது கெட்டிக்காரத்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஓடுகிறது என்று காட்ட ஓர் அடையாளம்கூட வைக்காமல் அனுப்பியது அயோக்கியத்தனம். இதில் உம்மோடு பேரம் கிடையாது. பெட்டியின் தலைமாட்டில், அழுகிற கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, ஒரு பச்சை விளக்கை வையும்!