சில்வண்டு குரல் கிழிந்த கதை

அந்தக் காலத்தில் சில்வண்டுக்கு மெல்லிய குரல் இருந்தது. அது மனிதரோடு பேசும். மனிதரும் நின்று கேட்பார்கள்.

அப்போது ஒரு பாறைக்குன்றின்மேல் கிறிஸ்தவத் துறவிகளின் மடம் இருந்தது. பெரும் பாவங்களில் ஒன்றாகச் சோர்வையும் அவர்கள் எண்ணினார்கள். அது உச்சிவெயிலில் வரும் பேயாம், காதருகே வந்து, "இதனால் என்ன பயன்?" என்று மட்டும் கேட்குமாம்.

அது உர்சீன் என்ற துறவியிடம் வந்தது. கூரையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்த கல்பூர் என்னும் துறவியைக் கழுவி, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிடுவது உர்சீனின் வேலை. கல்பூர் கஞ்சி சுட்டாலும் ஏசுவார், ஆறினாலும் ஏசுவார். வருடங்கள் இப்படியே போயின.

ஒரு கோடைப் பகலில் மற்றவர்கள் அறுவடைக்குப் போயிருந்தார்கள். சூரியன் நகர்வதாகத் தெரியவில்லை. உர்சீன் கைத்துணியைக் கீழே போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

வாசல் ஒலிவ மரத்திலிருந்த சில்வண்டு, "எங்கே போகிறீர்கள்?" என்றது.

"தெரியாது. இங்கே இருக்க முடியவில்லை."

"உள்ளே அவர் தண்ணீர் கேட்கிறாரே."

"கேட்கட்டும்."

அவர் குன்றிலிருந்து இறங்கினார். உள்ளே கல்பூரின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. சில்வண்டின் மெல்லிய குரல் சரிவைத் தாண்டவில்லை. அது உடம்பு முழுவதையும் இறுக்கிக்கொண்டு, "உர்சீன்! உர்சீன்!" என்று கத்தியது. அதன் உடம்புக்குள் ஏதோ கிழிந்தது. பேச்சு போய்விட்டது, கிறீச்சொலி மட்டும் மிஞ்சியது. ஆனாலும் அது நிறுத்தவில்லை.

உர்சீன் ஒரு கல்லில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து எழுந்து, காலை இழுத்து இழுத்து மேலேறினார். கல்பூரின் தலையைத் தாங்கித் தண்ணீர் புகட்டினார்.

"இவ்வளவு நேரமா?" என்றார் கல்பூர்.

"நேரமாகிவிட்டது," என்றார் உர்சீன்.

சாயங்காலம் அவர் மரத்தடிக்கு வந்தார். "அன்பினால் நான் திரும்பவில்லை. உன் சத்தம் தாங்காமல்தான் வந்தேன். இது புண்ணியத்தில் சேருமா?"

சில்வண்டு பதில் சொல்லப் பார்த்தது. கிறீச்சொலிதான் வந்தது. உர்சீன், கல்பூரைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரமாகியிருந்ததால், உள்ளே போனார்.

மறுநாள் உச்சிவெயிலிலும் சோர்வு வந்தது. சில்வண்டும் கத்தியது. அன்றிலிருந்துதான், எல்லா உயிரும் நிழலில் ஒடுங்கிக் கிடக்கும் கோடை உச்சிவெயிலில், சில்வண்டு மட்டும் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறது.