பொறுப்பு முதல்வரும் கிழக்கு மடுவும்

முக்குளிப்பான் தன் மனைவி செங்கழுத்தியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஆடி மாதத்துக் காலையில். அவர்களுடையது ஏரித் தண்ணீரில் மிதக்கும் கூடு. முந்தைய நாள் காற்றில் அதன் ஒரு பக்கம் பிரிந்திருந்தது. அவன் கோரையை இழுத்து அதைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவள் வகுப்புக்குக் கிளம்பி நின்றாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"பிள்ளைங்களை இன்னைக்கு மேற்கு மடுவுக்குக் கூட்டிட்டுப் போயிடட்டுமா? யாரையும் கேக்காம?"

முக்குளிப்பான் கோரையை அலகிலிருந்து கீழே வைத்தான்.

"முதல்வர் தாரா ஐயா வர இன்னும் நாலு நாள்தானே இருக்கு. இவ்வளவு பொறுத்தாச்சு. அவர் வந்ததும் முறையா ஆணை வாங்கிக்க. உனக்கு எதுக்குக் கெட்ட பேரு?"

"நான் பொறுத்துக்குவேன். காத்து பொறுக்குமா?"

"நாலே நாள்."

"சரி" என்று அவள் தண்ணீரில் இறங்கினாள். வழக்கம்போல ஒரே மூழ்கு. தூரத்தில் போய் எழுந்தாள். திரும்பிப் பார்த்தாளா என்று அவனுக்குத் தெரியாது. அவன் அதற்குள் கோரையை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

அந்த ஏரிக்குத் தாழையேரி என்று பெயர். காட்டின் நடுவே இருந்தது. நீர்ப்பறவைகள் அங்கே தங்கள் குஞ்சுகளுக்காக ஒரு கல்லூரி நடத்தின. கூடு கட்ட ஒரு துறை. சேற்றைக் கிளறி இரை எடுக்க ஒரு துறை. மூழ்கிப் பழக ஒரு துறை. மூழ்குதல் துறைக்குச் செங்கழுத்திதான் ஆசிரியை. மழைக்காலம் முடிந்ததும் வடக்கேயிருந்து பருந்துகள் வரும். அதற்குள் மூழ்கத் தெரியாத குஞ்சு பிழைக்காது. அதனால் அவள் ஒரு நாள் வகுப்பையும் விட்டதில்லை.

கல்லூரிக்கு முதல்வராகக் கூழைக்கடா ஒருவர் வெகுகாலம் இருந்தார். அவர் இறந்ததும் மலைமேல் இருக்கும் பறவைகளின் சபை பாம்புத்தாராவைப் பொறுப்பு முதல்வர் ஆக்கியது.

"நிரந்தர முதல்வரை நியமிக்கும்வரை பார்த்துக்கொள்" என்றது சபை.

நான்கு மழைக்காலம் போயிற்று. நிரந்தர முதல்வர் யாரும் வரவில்லை.

அந்தக் கல்லூரியில் ஆணை என்றால் ஒரு தாமரை இலை. முதல்வர் சேற்றுக் காலை அதன்மேல் வைத்துத் தடம் பதிப்பார். பொறுப்பு முதல்வரின் தடம் செல்லாது. நடப்பதை நடத்தலாம், எதையும் மாற்றக்கூடாது. ஒரு துறையை இன்னோர் இடத்துக்கு மாற்றவோ, ஒரு வகுப்பை நிறுத்திவைக்கவோ மலைச்சபையிலிருந்து இலை வரவேண்டும்.

ஏரி நடுவே ஒரு பட்ட மரத்தின் அடிக்கட்டை உண்டு. அது முதல்வரின் இருக்கை. பாம்புத்தாரா நான்கு வருடமும் அதன்மேல் ஏறியதில்லை. பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த குச்சியில் நிற்பார்.

பாம்புத்தாரா கெட்டவரில்லை. எல்லாக் குஞ்சுகளையும் அவற்றின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். சீக்காளிக் குஞ்சுக்குத் தன் மீனைக் கொடுப்பார். ஆனால் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்.

"நான் பொறுப்புதானேப்பா!"

நீர்க்காகம் ஒரு நாள் அவரைச் சீண்டியது. "ஐயா, மழை வர்ற மாதிரி இருக்கு. நனையலாமா, இல்ல மலைக்கு எழுதிக் கேக்கணுமா?"

"எழுதிக் கேட்டா பதில் அடுத்த கோடையிலதான் வரும். அதுவரைக்கும் நனைங்க" என்றார் பாம்புத்தாரா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்படியே நாள் போயிற்று.

அந்த வருடம் வெள்ளத்தோடு ஆகாயத்தாமரை ஏரிக்குள் வந்துவிட்டது. முதலில் நாலைந்து செடிகள்தான் இருந்தன. ஆடிக்குள் அது பாயைப்போலப் படர்ந்தது. மேல்காற்று அடிக்க அடிக்க அந்தப் பாய் முழுவதும் கிழக்கே ஒதுங்கியது. செங்கழுத்தியின் வகுப்பு நடந்தது கிழக்கு மடுவில்.

மூழ்கிய குஞ்சு மேலே வர வானம் தெரியும் இடம் வேண்டும். அது உள்ளே இருக்கும் நேரத்தில் பாய் நகர்ந்து மூடிக்கொண்டால், மேலே வர வழி இல்லை. செங்கழுத்தி இதை முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டாள்.

மேற்கு மடு சுத்தமாக இருந்தது. ஆனால் அது சேற்றுத் துறைக்கு ஒதுக்கிய இடம். அதன் தலைவர் அரிவாள் மூக்கன். செங்கழுத்தி அவரிடம் போனாள்.

"அண்ணே, காத்து அடங்குற வரைக்கும் என் பிள்ளைங்களை உங்க மடுவுல இறக்கிக்கவா?"

"எனக்கு ஆட்சேபணையே இல்லம்மா. தாராளமா வா. வரும்போது ஆணை இலையை மட்டும் கொண்டாந்துடு."

"இலை எங்கண்ணே கிடைக்கும்? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா இன்னைக்கு நீ வருவே. நாளைக்கு இதைக் காட்டியே கூடு கட்டுற துறை வாத்து வருவான். அப்புறம் என் துறைக்கு இடம் எங்கே?"

அவள் பாம்புத்தாராவிடம் போனாள். குச்சியில் நின்றபடி அவர் முழுவதையும் கேட்டார்.

"நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி. மலைக்கு எழுதுறேன்" என்றார்.

எழுதவும் செய்தார். மீன்கொத்தி கொண்டுபோய்க் கொடுத்தது. பதில் வந்தது. ஆனால் அது வேறு பதில். எல்லாப் பொறுப்பு முதல்வர்களும் மலையில் ஏழு நாள் தலைமைப் பயிற்சிக்கு வரவேண்டும். பயிற்சியை முடித்தவர்களுக்கே நிரந்தரம் என்று அதில் இருந்தது. மடுவைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பாம்புத்தாரா புறப்படும்போது செங்கழுத்தி மறுபடியும் வந்தாள்.

"போயிட்டு வாங்க ஐயா. நீங்க வர்ற வரைக்கும் நான் மேற்கு மடுவுல வச்சு நடத்திக்கிறேன்."

அவர் கழுத்து சுருங்கியது. "வேண்டாம்மா. நான் இல்லாத நேரத்துல எதையும் மாத்தாதே. நான் பயிற்சியில இருக்கும்போது இங்கேயிருந்து ஒரு புகார் வந்தா என் பேரு அங்கேயே கெட்டுப்போயிடும். ஏழு நாள்தானே. நிரந்தரமா வந்து முதல் ஆணையே உனக்குத்தான் போடுவேன்."

"அதுவரைக்கும் பிள்ளைங்க?"

"கரையோரமா வச்சுப் பழக்கு."

"கரையோரத்துல மூழ்க ஆழம் ஏது ஐயா?"

பாம்புத்தாரா சிறகை விரித்தார். "நான் பொறுப்புதானேம்மா" என்றார். பறந்துபோனார்.

அவர் போன நான்காம் நாள் காலையில்தான் அவள் கணவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அன்று வகுப்பில் பதினோரு குஞ்சுகள் இருந்தன. செங்கழுத்தி முதலில் தானே மூழ்கிப் பார்த்தாள். பாய்க்கு நடுவே நல்ல அகலமாக ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடத்தில் நான்கு குஞ்சுகளை இறக்கினாள். மற்றவை கரையில் நின்றன.

காற்று ஒரு சுற்றுச் சுற்றியது. பாய் நகர்ந்தது. இடைவெளி மூடிக்கொண்டது.

"நீங்க யாரும் இறங்கக் கூடாது!" என்று கரையில் நின்ற குஞ்சுகளிடம் கத்திவிட்டுச் செங்கழுத்தி மூழ்கினாள்.

முதல் தடவை ஒரு நாமக்கோழிக் குஞ்சோடு வந்தாள். மறு தடவை இரண்டு வாத்துக் குஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உள்ளே இன்னும் ஒன்று இருந்தது. அது நீர்க்காகத்தின் குஞ்சு. அவள் மூச்சு வாங்கினாள். மூன்றாம் தடவையும் உள்ளே போனாள்.

பாயின் ஓரத்தில் அந்தக் குஞ்சு தலையை நீட்டியது. அவள் வரவில்லை.

செய்தி கேட்டு முக்குளிப்பான் வந்து சேர்ந்தபோது குஞ்சுகள் எல்லாம் கரையில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"என் கால் வேர்ல மாட்டிக்கிச்சு" என்றது நீர்க்காகக் குஞ்சு. "டீச்சர் வேரைக் கொத்திக் கொத்தி விட்டாங்க. அப்புறம் என்னை முட்டித் தள்ளினாங்க. டீச்சரும் பின்னாலேயே வர்றாங்கன்னு நினைச்சேன் மாமா. பார்த்துக்கிட்டே இருந்தோம்."

முக்குளிப்பான் மூழ்கினான். எழுந்தான். மறுபடி மூழ்கினான். பெரிய நீர்க்காகங்கள் எல்லாம் சேர்ந்து தேடின. வெயில் சாயும் நேரத்தில் அவளை வெளியே கொண்டுவந்தன. அவள் அலகில் வேர்த்துண்டு ஒன்று இருந்தது.

நான்கு நாள் கழித்துப் பாம்புத்தாரா திரும்பி வந்தார். அவர் அலகில் மலைச்சபையின் இலை இருந்தது. அவர் இப்போது நிரந்தர முதல்வர். ஏரியில் யாரும் அவரை வாழ்த்தவில்லை. அரிவாள் மூக்கன்தான் அருகே போய் விஷயத்தைச் சொன்னார்.

பாம்புத்தாரா அடிக்கட்டைக்குப் போகவில்லை. இலையைக் கரையில் போட்டுவிட்டு நேராக முக்குளிப்பானின் கூட்டுக்கு வந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலைன்னா என்னால இருக்க முடியாது" என்றார் பாம்புத்தாரா.

"சொல்லுங்க ஐயா."

"மூணாம் நாள் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த இருவாச்சி ஒரு கேள்வி கேட்டார். 'முதல்வர் ஊரில் இல்லை. ஓர் ஆசிரியர் தன் வகுப்புக்கு ஆபத்து வருவதைப் பார்க்கிறார். என்ன செய்ய வேண்டும்?' யாருக்கும் சொல்லத் தெரியல. நான் எழுந்து சொன்னேன். ஆபத்தைப் பார்த்தவர்தான் அந்த இடத்திலேயே முடிவெடுக்கணும், யாரையும் கேட்டு நிக்கக்கூடாதுன்னு சொன்னேன். எல்லாரும் சிறகு தட்டினாங்க. இதுதான் தலைமைன்னு இருவாச்சி சொன்னார். எனக்கு நிரந்தரம் கிடைச்சதே அந்தப் பதிலுக்குத்தான்."

முக்குளிப்பான் அவரையே பார்த்தான்.

"மூணாம் நாளா?"

"மூணாம் நாள். மீன்கொத்தி அங்கேதான் இருந்தது. சொல்லி அனுப்பியிருந்தா அரை நாள்ல இங்கே வந்திருக்கும். எனக்கு அது தோணவே இல்லைப்பா. அது கேள்விக்குப் பதில்னு நினைச்சேன். நம்ம ஏரின்னு நினைக்கல."

காற்று இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. கூட்டின் ஒரு பக்கம் மறுபடியும் பிரிந்திருந்தது. முக்குளிப்பான் அதைத் தொடவில்லை.

"நீங்க நல்லவர் ஐயா. அதனாலதான் உங்க மேல கோபம்கூட எங்களுக்கு ஒழுங்கா வரல" என்றான். "அவ என்கிட்டயும் அன்னைக்குக் காலையில கேட்டா. யாரையும் கேக்காம போயிடட்டுமான்னு. உனக்கு எதுக்குக் கெட்ட பேருன்னு சொன்னேன். எனக்கு எந்தப் பதவியும் இல்ல. நான் சரின்னு சொல்லியிருந்தா அவ போயிருப்பா."

பாம்புத்தாரா தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை அவர் முதன்முறையாக அடிக்கட்டையில் ஏறினார். எல்லா ஆசிரியர்களையும் அழைத்தார். ஒரு தாமரை இலையில் காலைப் பதித்தார்.

"வகுப்பை எங்கே நடத்துவது, எப்போது நிறுத்துவது என்பதை அந்த வகுப்பை நடத்துபவரே முடிவு செய்யலாம். நான் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. முடிவு தப்பாகப் போனால் கேள்வி என்னிடம் வரட்டும்."

"எனக்கு அப்போதே ஆட்சேபணை இல்லை" என்று மெல்லச் சொன்னார் அரிவாள் மூக்கன். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

நீர்க்காகம் அதற்குப் பிறகு பாம்புத்தாராவைச் சீண்டவில்லை. அடுத்த ஆடியில் மலைச்சபை அவரைப் பயிற்சி கொடுக்க வரச் சொல்லி அழைத்தது. அவர் போனார். இருவாச்சி கேட்ட அதே கேள்வியைப் புதியவர்களிடம் கேட்டார். ஓர் இளம் நாரை எழுந்து சரியான பதிலைச் சொன்னது.

"சரி. இதை உன் ஏரியில் இருக்கும் ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறாயா?" என்று கேட்டார் பாம்புத்தாரா.

நாரை விழித்தது.

"இல்லையென்றால் இப்போதே கிளம்பு. பயிற்சி அப்புறம் நடக்கும்" என்றார்.

ஆபத்தை நேரில் பார்க்கிறவர் கையில் முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டுப் போகாத தலைவர், எத்தனை பயிற்சி பெற்றாலும் தலைவர் ஆகமாட்டார்.

அன்று கிழக்கு மடுவுக்கு வந்த பதினோரு குஞ்சுகளும் வளர்ந்துவிட்டன. நான்கு வேறு ஏரிகளுக்குப் பறந்துபோயின, ஏழு தாழையேரியில் இருக்கின்றன.