வாய் பொத்திய ஊர்வலம்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. பின்னால் நிற்கிற பிள்ளையும் முன்னால் வந்து உட்காரட்டும், என் குரல் அத்தனை தூரம் எட்டாது. வயிறு குலுங்கச் சிரிக்க ஒரு கதை வைத்திருக்கிறேன். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். இது அவர்களுக்கான கதை.

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். தங்கமான மனசு. ஆனால் திடீர் திடீரென்று ஏதாவது ஆசை முளைத்துவிடும். ஒருநாள் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஒரு கவலை வந்தது. ‘நான் இருக்கும் இடத்தில் எல்லோரும் பயந்து மரியாதை காட்டுகிறார்கள். நான் இல்லாத இடத்தில் என்ன செய்கிறார்களோ?’

அவ்வளவுதான், ஊரெங்கும் தண்டோரா போட்டுவிட்டார்கள். ‘அரச கட்டளை’ என்று வெள்ளிப்பூண் போட்ட கோலோடு யார் வந்தாலும், ராஜாவே வந்ததாக நினைக்க வேண்டும். தோள் துண்டை இடுப்பில் கட்டி, கையால் வாய் பொத்திக் கேட்க வேண்டும். எதிர்க்கேள்வி கூடாது. சொன்னதை மறுக்கவும் கூடாது.

அந்த ஊரின் கோட்டை வாசலுக்கு வெளியே, பெரிய புளிய மரத்தடியில் ஒரு நீர்மோர்ப் பந்தல் இருந்தது. அதை நடத்தியவர்கள் எல்லோருமே தலை நரைத்தவர்கள். கூலி கிடையாது. காலையில் வந்து மோர் கடைந்து, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டு, போகிற வருகிற வழிப்போக்கர்களுக்கெல்லாம் வார்ப்பார்கள். இசக்கியம்மாள்தான் அவர்களுக்குத் தலைவி மாதிரி. பானைப் பக்கம் உட்கார்ந்து வார்த்துக் கொடுப்பவர் ஆவுடையப்பர். வாலிபத்தில் அரண்மனைப் பல்லக்குத் தூக்கியவர். அந்தத் தோள் இப்போது தளர்ந்துவிட்டது. ஆனால் ஒருவர் மோரைக் குடித்துவிட்டு ‘அப்பாடா’ என்று பெருமூச்சு விடுவதைக் கேட்டால் அவருக்கு அன்றைய பொழுது நிறைந்துவிடும்.

மோரோடு பேச்சும் ஓடும். யார் வந்தாலும், ‘எம்பய எல்லைப் படையில இருக்கான், சேதியே வரலை’ என்று ஆவுடையப்பர் சொல்லிவிடுவார். கேட்டுக்கொண்டே குடித்தவர்களில் முறுக்கு மீசைக்காரன் ஒருவனும் இருந்தான்.

மறுவாரம் அதே மீசைக்காரன், தலைப்பாகையும் வெள்ளிப்பூண் கோலுமாக ஆவுடையப்பர் வீட்டு வாசலில் வந்து நின்றான். “அரச கட்டளை!”

அவர் பதறி எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார். வாய் பொத்தினார்.

“உன் மகன் படையில் பெரிய தவறு செய்துவிட்டான். சிறையில் கிடக்கிறான். வீட்டில் இருக்கும் பொன் மகாராஜாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் உயிர் பிழைப்பான். இந்த நொடியே போக வேண்டும், வழியில் எங்கும் நிற்கக் கூடாது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது!”

‘எந்தச் சிறையில் இருக்கான்? என்ன தப்பு செஞ்சான்?’ நெஞ்சு முட்டக் கேள்விகள். பொத்திய வாயால் எப்படிக் கேட்பது? பெட்டியைத் திறந்தார். மறைந்த மனைவியின் காதில் ஊஞ்சலாடிய தங்கப் பாம்படம் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டார்.

உண்மை தெரிய அதிக நேரம் ஆகவில்லை. எல்லையிலிருந்து வந்த வண்டிக்காரன், “ஒங்க மவனா? தின்னுட்டுக் கொழுகொழுன்னு இருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போனான். மகன் நன்றாக இருக்கிறான் என்ற சந்தோஷத்தைக்கூட ஆவுடையப்பரால் அனுபவிக்க முடியவில்லை. பந்தலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

இசக்கியம்மாள் கையில் மோர் அகப்பையோடு வந்து நின்றாள்.

“ஏமாத்துனவன் மீசைய முறுக்கிக்கிட்டு ஊர் சுத்துதான். ஏமாந்தவரு செவுத்தப் பாத்து ஒக்காந்திருக்கீரு. நல்லாருக்கு அண்ணாச்சி ஒம்ம நியாயம்! எந்திரியும். ராசாகிட்டப் போயிச் சொல்லுவோம்.”

“சிரிப்பாங்க இசக்கி.”

“சிரிக்கட்டும். பல்லு இருக்கவன் சிரிக்கான்.”

போனார்கள். சபையில் ஆவுடையப்பர் குனிந்த தலை நிமிராமல் நடந்ததைச் சொன்னார். சிரிப்பு வந்தது. முதலில் சிரித்தவர் ராஜாவின் தலைமை மந்திரி, பிரதானி தாண்டவராயர். அந்தப் புளிய மரத்தடியில் பானகக் கடை வைக்க வேண்டுமென்று அவருடைய மைத்துனருக்கு நெடுநாள் ஆசை. பக்கத்தில் மோரைச் சும்மா கொடுத்தால் பானகத்தை யார் வாங்குவார்கள்?

“மகாராஜா, தலை நரைத்தால் புத்தியும் நரைத்துவிடும். இவர்களை வாசலில் உட்கார வைத்தால் வருகிற திருடனெல்லாம் இவர்களிடமே வருவான். பந்தலைப் பிரித்து, இவர்களை வீட்டில் இருக்கச் சொல்வதே இவர்களுக்கு நல்லது. இளைஞராயிருந்தால் இப்படி ஏமாறுவாரா?”

சபையின் ஓரத்தில் தூணில் சாய்ந்திருந்த ஒல்லி மனிதர் ஒருவர் மெல்ல வெளியே நழுவினார். அவர்தான் விகடகவி உலகப்பன். தினமும் பந்தலில் இரண்டாம் குவளை கேட்டு வாங்கிக் குடிப்பவர் என்பதால் ஆவுடையப்பருக்கு அவரை நன்றாகத் தெரியும். ‘நமக்காக ஒரு வார்த்தை சொல்லாமல் இவரும் போகிறாரே’ என்று அவருக்கு மனசு விட்டுப்போனது.

சற்று நேரத்தில், வெள்ளிப்பூண் கோல் பிடித்த சேவகன் ஒருவன் வந்து, ‘அரச கட்டளை’ என்று பிரதானியின் காதில் ஏதோ முணுமுணுத்தான். தாண்டவராயர் திடுக்கிட்டு எழுந்தார். பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டினார். வாய் பொத்தினார். தலைப்பாகையையும் காதுக் கடுக்கனையும் கழற்றிச் சேவகன் கையில் கொடுத்தார். பிறகு மொட்டைத் தலையோடு, தூணுக்குப் பின்னால் ஒற்றைக் காலில் நின்றார்.

ராஜா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். “பிரதானி, இது என்ன கோலம்?”

தாண்டவராயர் வாய் பொத்தியபடியே ‘ரகசியம், ரகசியம்’ என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அதற்குள் உலகப்பன் அந்தத் தலைப்பாகையைத் தலையில் வைத்துக்கொண்டு, கடுக்கனும் மினுங்க உள்ளே வந்தார். “மகாராஜா, பிரதானிக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. நரைக்க அங்கே முடியே இல்லை. இருந்தும் நான் அனுப்பிய ஆளிடம் எவ்வளவு விரைவாகக் கழற்றிக் கொடுத்தார், பார்த்தீர்களா? ஏமாந்தது வயது அல்ல, பொத்திய வாய். கேள்வி கேட்கலாம் என்று ஓர் ஆணை போட்டால் போதும்.”

ராஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “என் ஆணையையா குறை சொல்கிறாய்? ஆணை ஆணைதான்!”

அவமானத்தில் வெந்துகொண்டிருந்த தாண்டவராயர் அதைப் பிடித்துக்கொண்டார். “அப்படியானால் ஒரு பரீட்சை வைக்கலாம், மகாராஜா. தேர்த் திருவிழாவுக்குள் இந்த முதியவர்களே அந்தத் திருடனைச் சபைக்குக் கொண்டுவரட்டும். காவலர் ஒருவரும் உதவக் கூடாது. தங்கள் ஆணையையும் மீறக் கூடாது. அவன் தங்கள் பெயரால் எது சொன்னாலும் கேள்வி கேட்காமல், மறுக்காமல் செய்ய வேண்டும். தவறினால் பந்தலைப் பிரித்துவிட வேண்டும். விகடகவியும் ஊரை விட்டுப் போக வேண்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் ராஜா.

வெளியே வந்ததும் ஆவுடையப்பர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தன்னால் எல்லோருடைய பந்தலும் போய்விடப் போகிறது! கேள்வி கேட்காமல், மறுக்காமல் ஒரு திருடனை எப்படிப் பிடிப்பது?

உலகப்பன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, “பெரியவரே, அந்த ஆள் என்ன சொன்னான்? சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்க” என்றார்.

ஆவுடையப்பர் சொன்னார். மறக்கக்கூடிய வார்த்தைகளா அவை?

கேட்டுக்கொண்டே வந்த உலகப்பனுக்கு முகம் மலர்ந்தது. “அடடா! வேலைய அவனே முடிச்சுக் குடுத்துட்டானே! நாம எதையும் மீற வேண்டாம். அவன் சொன்னதை ஒரு சொட்டுக் குறையாமச் செஞ்சாப் போதும்.”

மறுநாளிலிருந்து இசக்கியம்மாள், உலகப்பன் மகாராணியிடம் இரவல் வாங்கித் தந்த பெரிய பாம்படம் காதில் ஆட, பந்தலில் உட்கார்ந்தாள். யார் வந்தாலும் ஒரே புலம்பல்தான். “ஏ ராசா, குடி. எந்தம்பி மவன் எல்லைப் படையிலதான் இருக்கான், சேதியே இல்ல. இந்தக் காதுல கெடக்கது அவனுக்குத்தான்!”

“தாயி, கொஞ்சம் மெதுவாப் பொலம்பு. எனக்கே அழுகை வருது” என்றார் ஆவுடையப்பர்.

“மெதுவாப் பொலம்புனா அவன் காதுல எப்படி விழும்?”

விழுந்தது. ஒருநாள் உச்சி வெயிலில் அவன் வந்தான். அதே மீசை, அதே கோல். ஆவுடையப்பர் சட்டென்று பானைக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

“அரச கட்டளை!”

பந்தலில் இருந்த அத்தனை பேரும் துண்டை இடுப்பில் கட்டினார்கள். அத்தனை வாயும் பொத்திக்கொண்டது.

அவன் இசக்கியம்மாளிடம் குனிந்து, மனப்பாடமாய்ச் சொன்னான். “உன் தம்பி மகன் சிறையில் கிடக்கிறான். இந்தப் பாம்படம் மகாராஜாவின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த நொடியே போக வேண்டும், வழியில் எங்கும் நிற்கக் கூடாது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது!”

இசக்கியம்மாள் பயபக்தியோடு தலையாட்டினாள். பாம்படத்தைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தாள். அவன் கை நீட்டினான். அந்தக் கையை யாரோ பிடித்தார்கள். அடுத்த கையையும் பிடித்தார்கள். பந்தலுக்குப் பின்னாலிருந்து பல்லக்கு ஒன்று வந்தது. அரச தூதன் வந்தால் ராஜாவே வந்ததாக நினைக்க வேண்டும் என்பதல்லவா ஆணை? ராஜா வெயிலில் நடப்பாரா? தூக்கி உள்ளே உட்கார வைத்தார்கள். தாம்பாளத்தை அவன் மடியில் வைத்தார்கள். தூக்கியவர்களுக்கு ஒரு கை வாயில், ஒரு கை பல்லக்குத் தண்டில். முன்தண்டுக்கு ஆவுடையப்பர் தோள் கொடுத்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தத் தோளில் பாரம் ஏறியபோது, அவருக்கு முதுகு தானாகவே நிமிர்ந்தது.

“ஏய், என்ன இது? ரகசியம் என்றேனே!” என்று அலறினான் அவன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ரகசியம்தான். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையே! முன்னால் ஒரு தாத்தா ஒற்றைக் கையால் பறை மட்டும் அடித்துக்கொண்டு போனார்.

பறைச் சத்தம் கேட்டு ஊர் திரண்டது. வெள்ளிப்பூண் கோலைக் கண்டதும் பயந்துபோய் எல்லோரும் வாய் பொத்தினார்கள். மளிகைக் கடைக்காரர், பூக்காரி, சவரம் பாதியில் நிற்க நுரை முகத்தோடு ஓடி வந்தவர் என்று ஊரே வாய் பொத்திப் பின்னால் நடந்தது.

“இறக்குங்கள்! இதுவும் அரச கட்டளைதான்! இங்கேயே இறக்குங்கள்!”

ஆவுடையப்பர் யோசித்தபடியே நடந்தார், கால் மட்டும் நிற்கவில்லை. சபை நடுவில், சிம்மாசனத்துக்கு நேரே, பூப்போல இறக்கி வைத்தார்கள்.

பல்லக்கிலிருந்து வெளிறிப்போன மீசை ஒன்று எட்டிப் பார்த்தது. ராஜா கேட்டார். “யார் இவன்?”

“தங்கள் தூதர், மகாராஜா” என்று பணிவாகச் சொன்னார் உலகப்பன். “பாம்படத்தைத் தங்கள் கையிலேயே சேர்க்க வேண்டுமென்று தாங்கள் ஆணையிட்டதாகச் சொன்னார். இவர்கள் சேர்த்துவிட்டார்கள். தாங்கள்தானே அனுப்பினீர்கள்?”

“நான் எங்கே அனுப்பினேன்!”

அவன் ஓடப் பார்த்தான். ஓட இடமில்லை, வாசலெல்லாம் வாய் பொத்திய ஜனம். அவன் இடுப்பு மடியை உதறினார்கள். பழைய பாம்படம் ஒன்று கலகலவென்று விழுந்தது. ஆவுடையப்பர் அதைக் குனிந்து எடுத்தார். இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தாண்டவராயர் மட்டும் விடவில்லை. “மகாராஜா, ஆணையை மீறிவிட்டார்கள்! ‘இறக்கு’ என்று இவன் தங்கள் பெயரால் சொன்னதை ஊரே கேட்டது!”

சபை ஆவுடையப்பரைப் பார்த்தது. அவர் ராஜாவைப் பார்த்தார். குனியாமல் பேசினார்.

“ஆமா சாமி, சொன்னான். எங்கயும் நிக்காதேன்னு முதல்ல சொன்னதும் ஒங்க பேர்ல. இறக்குன்னு அப்புறமாச் சொன்னதும் ஒங்க பேர்ல. ரெண்டுல எதைச் செய்யணும்னு கேக்கலாம்னா கேட்டிருப்போம். கேக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீக? அதான், முதல்ல சொன்னதை முடிச்சுட்டு, அடுத்ததா இறக்கியும் வச்சுட்டோம்.”

ராஜாவுக்குத் தொந்தி குலுங்கத் தொடங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். திருடனைச் சிறைக்கு அனுப்பினார். அன்றே புதிய தண்டோரா போட்டார்கள். அரச கட்டளை என்று யார் வந்தாலும் யார் நீ, யார் அனுப்பியது என்று தாராளமாகக் கேட்கலாம். ‘பொறு, இன்னொருத்தரைக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்வதும் குற்றமில்லை. ரகசியம், அவசரம் என்று நெருக்குகிறவன் ராஜாவின் ஆளே இல்லை.

தண்டோராக்காரன் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விடுவான். அதை வீடு வீடாகச் சொல்லிப் புரியவைத்தது பந்தல்காரர்கள்தான். தாங்களும் ஏமாந்ததைப் பிள்ளைகளிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைத்து வைத்த கிழவர் கிழவிகள், ஆவுடையப்பரிடம் வாய் திறந்தார்கள். “எனக்கும் நடந்துச்சு, வாங்க, பேசுவோம்” என்று சொல்லி, அவர் முதலில் ஒரு குவளை மோர் கொடுப்பார்.

பந்தலுக்கு ராஜா பட்டுச் சால்வைகள் அனுப்பினார். கொண்டுபோனவர் தாண்டவராயர். வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்து, “மகாராஜா கொடுக்கச் சொன்னார், வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார்.

இசக்கியம்மாள் எழுந்திருக்கவில்லை. “யாரு நீங்க?”

“என்னைத் தெரியாதா? பிரதானி!”

“பாத்தா அப்படித்தான் தெரியுது. அன்னைக்கு வந்தவனும் பாக்க அப்படித்தான் இருந்தான். செத்த நேரம் இருங்க ஐயா, அண்ணாச்சி போயிக் கேட்டுட்டு வரட்டும். அதுவரைக்கும் மோர் குடிங்க.”

ஆவுடையப்பர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் அரண்மனைக்கு நடந்தார். சபை நடுவில் நின்று, “சாமி, பிரதானி மாதிரி ஒருத்தர் வந்திருக்காரு. நீங்கதான் அனுப்புனீகளா?” என்று கேட்டார்.

ராஜா சிரித்த சிரிப்பில் சிம்மாசனமே ஆடியது. “நான்தான் அனுப்பினேன் பெரியவரே, நான்தான்!” என்றவர், தன் தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்து உலகப்பனுக்குப் போர்த்தி, விரலில் இருந்த மோதிரத்தையும் கழற்றி மாட்டிவிட்டார். புளிய மரத்தடி என்றைக்கும் பந்தலுக்கே என்று பட்டயமும் எழுதிக் கொடுத்தார். ஆவுடையப்பர் திரும்பி வரும்போது பிரதானி நாலாவது குவளை மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். பானகத்தைவிட இது நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாராம்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் அடுப்பு எரியட்டும், பானை நிறையட்டும். வாசலுக்கு வருகிறவர் தாகம் தீர்ந்து போகட்டும், வஞ்சகன் வாய் உலர்ந்து போகட்டும். உங்கள் பெரியவர்கள் பயமில்லாமல் படுத்து, சிரித்த முகத்தோடு எழுந்திருக்கட்டும். நன்றாக இருங்கள்.