பெயருக்கு நேரே ‘கா’

சும்மா ஒரு கேள்வி. அடுக்களையில் ஒரு டப்பா மேல் ‘ம’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது மஞ்சளா, மல்லியா, மசாலாத்தூளா? எழுதி வைத்தவளுக்குத் தெரியும். அவள் ஊருக்குப் போயிருக்கிற அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்கிறவர் என்ன செய்வார்?

ராயப்பன் இதை யோசித்ததில்லை. மணவாளத்துறையில் இருபது வருஷம் டி.டி.பி. கடை வைத்திருந்தவர். போஸ்டரில் இடம் போதாவிட்டால் சொல்லைக் குறுக்கியே பழகின கை. கடையை மூடிவிட்டு, நாற்பத்தாறு வயதில், ஜெசிந்தா டீச்சரின் கம்ப்யூட்டர் சென்டரில் வெப்சைட் வேலை படிக்க வந்தார். டீச்சருக்கு முப்பது வயதுதான். இவர் “டீச்சர்” என்பார், அவர் “அண்ணே” என்பார். பாடம் என்று வந்துவிட்டால் மட்டும் டீச்சர் வயதுக்கெல்லாம் இரக்கம் காட்டமாட்டார்.

மீனவர் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் பக்கம் செய்தார்கள். கடலுக்குப் போனவர் பெயர், படகு, நிலை. நிலைக்கு மூன்று தேர்வுகள்: கரை சேர்ந்தார், மருத்துவமனையில், காணவில்லை.

“ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறி வையுங்கண்ணே. உள்ளே அதைத்தான் சேமிக்கும்,” என்றார் டீச்சர்.

ராயப்பன் வைத்தார். க, ம, கா.

“குறிக்குப் பக்கத்துல முழுச் சொல்லும் எழுதியாச்சா?”

“ஆச்சு. பதியிற ஆளுக்குச் சொல்லுதான் தெரியும்.”

“பார்க்கிற ஆளுக்கு?”

“பக்கத்தை வெளியே காட்டுற டெம்ப்ளேட்ல ‘நிலை’ன்னு போட்டா குறி வருது டீச்சர். சொல்லு வரணும்னா, நிலையின் பெயரைக் காட்டுன்னு தனியா எழுதணும். ஒண்ணையே எத்தனை தடவை எழுதுறது? ‘க’ன்னா கரைதானே. குறி போதாதா?”

“போதும். உள்ளே இருக்கிறவங்களுக்கு.”

ராயப்பன் சிரித்தார். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எழுந்து போனார்.

ஐப்பசியில் புயல் அடித்தது. அன்றைக்கு மணவாளத்துறை ஆட்கள் பதினாலு பேர் கடலில் இருந்தார்கள்.

ஊரில் கரண்ட் இல்லை. கோயில் ஜெனரேட்டரில் சென்டர் ஓடியது. ஊர்ப் போன்களுக்கெல்லாம் அங்கேதான் சார்ஜ். டீச்சர் ஒவ்வொரு கடற்கரை ஊருக்கும் போன் போட்டு விசாரித்தார். ராயப்பன் பதிந்தார். அந்த வரியை மாற்றாமல் பக்கத்தை அப்படியே இணையத்தில் ஏற்றினார். டீச்சர் பார்த்ததெல்லாம் பதிகிற பக்கத்தைத்தான். அதில் முழுச் சொல் இருந்தது.

நாலாம் நாள் காலையில் மரியபுஷ்பம் வந்தாள். கையில் வயர் கூடை.

“அண்ணாச்சி, எந்த ஊர்ல வச்சிருக்காங்க?”

“யாரை?”

“நல்லா கேட்டீங்க போங்க! எங்க வீட்டுக்காரரைத்தான். இன்னாசியை.” கூடையைத் தூக்கிக் காட்டினாள். “இடுப்புக்கு மாத்துச் சாரம், மேலுக்கு ஒரு சட்டை. ஈரத்தோடயே நாலு நாள் கிடந்தா சளி பிடிச்சிரும். அப்புறம் என்னைத்தான் ஏசுவாரு.”

ராயப்பன் கூடையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் போனை நீட்டினாள். “பக்கத்து வீட்டு மிக்கேலுக்கு ‘க’ போட்டிருந்தீங்க. கரைக்கு வந்துட்டாரு. இவருக்கு ‘கா’ போட்டிருக்கு பாருங்க. எம்மகதான் படிச்சுச் சொன்னா. ‘அம்மா, அப்பாவைக் காப்பாத்தியாச்சு’ன்னு.”

பதிமூன்று பெயருக்கு நேரே க, ம என்று இருந்தது. ஒரே பெயருக்கு நேரே ‘கா’.

“உட்காரும்மா,” என்றார் ராயப்பன். உட்காரச் சொன்ன இடத்தில் நாற்காலி இல்லை. அதைக்கூடக் கவனிக்காமல் உள்ளறைக்குப் போனார்.

டீச்சர் காதில் போனோடு இருந்தார். ராயப்பன் முகத்தைப் பார்த்ததும் வைத்துவிட்டார்.

“டீச்சர், ஒரு வரி விட்டுப்போச்சு. சின்ன வரி. குறிதான் வெளியே போயிருக்கு. இன்னாசி பொஞ்சாதி அதைக் காப்பாத்தினதா நினைச்சு, துணி எடுத்துக்கிட்டு வந்து நிக்கா.”

டீச்சர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். டெம்ப்ளேட்டைத் திறந்தார். ‘நிலை’ என்றிருந்த இடத்தில் நிலையின் பெயரைக் காட்டும்படி மாற்றினார். அரை நிமிஷ வேலை.

“ஏத்திடுங்க டீச்சர். அவங்க கையிலேயே போன் இருக்கு.”

“இருக்கு.”

“திறந்தா சரியாத் தெரிஞ்சிரும்.”

“தெரிஞ்சிரும்.” டீச்சர் விசையிலிருந்து கையை எடுத்தார். “அண்ணே, குறி எங்கே இருக்கும்?”

“உள்ளே.”

“அதோட பெயரை வெளியே சொல்றது யாரு?”

“டெம்ப்ளேட்.”

“அது பக்கத்துக்கு. வாசல்ல நிக்கிறவங்களுக்கு?”

ராயப்பன் தரையைப் பார்த்தார். “நான் எப்படி டீச்சர்? என் வாயால எப்படி?”

“ரெண்டு பேருமா போவோம். நான் பக்கத்துல நிக்கேன். குறி வச்ச ஆளு நீங்க. நீங்கதான் படிக்கணும்.”

வெளியே மரியபுஷ்பம் ஜன்னல் விளிம்பில் கூடையை வைத்து, சட்டையை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரவைத்தார்.

ராயப்பன் பட்டியலை முதல் பெயரிலிருந்து படிக்க ஆரம்பித்தார். இன்னாசியின் பெயருக்கு நேராகப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை.

“மிக்கேல். கரை சேர்ந்தார். சூசை. கரை சேர்ந்தார். பிச்சையா. மருத்துவமனையில்...”

அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது பெயரில் சட்டையை மடிப்பது நின்றது. ‘க’ என்றால் என்ன, ‘ம’ என்றால் என்ன என்று அவர் இப்படி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார் என்றால், ‘கா’வுக்கும் வேறொரு சொல் வரும் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

“இன்னாசி,” என்றார் ராயப்பன்.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னாசி. காணவில்லை.”

“காப்பாத்தினதுக்கு ‘கா’ இல்லியா அண்ணாச்சி?”

“இல்லம்மா.”

“அப்ப மூணு நாளும் இதுதானா?”

“இதுதாம்மா. நான் சொல்லைப் போடாம எழுத்தைப் போட்டுட்டேன். என் தப்பு.”

அவள் அழவில்லை. சட்டையைச் சாரத்துக்கு அடியில் வைத்தாள். பிறகு எடுத்து மேலே வைத்தாள். மூன்று நாளாகக் கடற்கரைக்குப் போகாமல் வீட்டில் சோறு பொங்கிக்கொண்டிருந்ததை அவளாகவே சொன்னாள், யாரிடம் என்றில்லாமல். டீச்சர் அவள் தோளில் கை வைத்தார். அவள் தட்டிவிடவில்லை.

“இனி எல்லாருக்கும் முழுசாத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும்மா. திருத்தியாச்சு. ஏத்த வேண்டியதுதான்,” என்றார் ராயப்பன்.

“ஸ்கூல் இன்னைக்குத்தான் திறந்திருக்கு. எம்மக சாயந்திரம் வந்ததும் பையைக்கூட இறக்கமாட்டா. போனைத்தான் எடுப்பா.”

அவள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போய் நின்றாள்.

“அவகிட்ட நான் என் வாயால சொல்லிக்கிடுதேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் அந்த ‘கா’வை அப்படியே விட்டு வையுங்க.”