அசையாத முள்

தொப்பூர் மலைப்பாதை வழியாக வாராவாரம் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, தையல்காரர் ஜமால் ஒரு பழைய கார் தேடினார். புரோக்கர் பரந்தாமன் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்து, வாட்டர் சர்வீஸ் வாசலில் நிறுத்தி, சாவியை ஜமால் கையில் வைத்தார்.

"சூடு காட்டுற முள்ளைப் பாருங்க பாய், அடியை விட்டு அசையவே இல்லை! இந்த இன்ஜின் சூடே ஆகாது."

அங்கே வண்டி கழுவும் பூவாயி எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு தூரம் ஓடியுமாங்க?"

"கழுவுறவளுக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாதுங்க. முள்ளு சொல்றபடி பார்த்தா உள்ளே பச்சைத்தண்ணிதானே? ரேடியேட்டர் மூடியை நீங்களே திறந்து காட்டிடுங்க."

பரந்தாமன் பானெட்டைத் தூக்கினார். அனல் முகத்தில் அடித்தது. கை மூடிக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது.

"முள்ளு மாதிரியே உங்க கையும் அசைய மாட்டேங்குதேங்க," என்றாள் பூவாயி.

ஜமால் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த வண்டி பார்க்கும்போது நீயும் கூட வாம்மா."