திரும்பி வராத சீட்டு

நெல்லிமடுவு மலைக்கிராமத்துக்கு நேர் மேலேதான் உயர் அழுத்த மின்கம்பிகள் போகின்றன. முப்பது வருடமாக அவை நகரத்துக்கு மின்சாரம் கொண்டுபோவதை ஊர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. போன வருடம்தான் கோபுரத்தடியில் சிறிய மின்மாற்றி வைத்து, நாற்பது வீட்டுக்கு ஒரே ஒரு லைன் இழுத்தார்கள். சுவிட்சுப் பெட்டியின் சாவி உள்ளூர்க்காரனான சடையனிடம் இருந்தது.

கல்குவாரித் தூசியில் நுரையீரல் கெட்டுப்போன தீர்த்தானை, அந்த லைனை நம்பித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவசரத்துக்கு ஒரு சிலிண்டரும் கொடுத்திருந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள், கம்பங்களில் கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் உடைந்தவற்றை மாற்ற மின்வாரிய ஃபோர்மேன் தணிகாசலம் உதவியாள் பிலவேந்திரனுடன் வந்தார். சுவிட்சை இறக்கிப் பூட்டச் சொல்லிவிட்டு ஒரு சீட்டைக் காட்டினார்.

"வேலை முடிஞ்சதும் இதுல நான் கையெழுத்துப் போட்டுத் தருவேன். அதுவரைக்கும் யார் சொன்னாலும் சுவிட்சப் போடாதே. பன்னெண்டு மணிக்குள்ள முடிஞ்சிரும்."

சடையன் சரியென்று சுவிட்சை இறக்கிப் பூட்டினான். தீர்த்தானுக்குச் சிலிண்டரை மாட்டினார்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பனி இறங்கி மலையை மூடியது. ஒரு மணிக்குப் பிலவேந்திரன் மட்டும் வந்தான்.

"வேலை முடிஞ்சுதுண்ணே. போடுங்க."

"ஃபோர்மேன் எங்க?"

"நான் மேல்கம்பத்துல இருந்தேன். அவரு ஓடைக் கம்பத்த முடிச்சிட்டு ரோட்டுக்கு இறங்கியிருப்பாரு."

"நீ பார்த்தியா?"

"இந்தப் பனியில எங்கண்ணே பார்க்கிறது?"

மலையில் செல்போன் எடுக்காது. பிலவேந்திரனை ரோட்டுக்கு அனுப்பிவிட்டுச் சடையன் ஓடைப்பக்கம் போய்க் கத்தினான். பதில் இல்லை. எதிரே இருந்த கம்பமே தெரியவில்லை.

திரும்பி வந்தபோது தீர்த்தானின் மனைவி குப்பாயி கையில் கல்லோடு பெட்டியருகே நின்றாள்.

"சிலிண்டர் தீர்ந்துபோச்சுண்ணா. மூச்சு இழுக்குது."

"கம்பத்துல ஆள் இருந்தா செத்துருவான், தாயி."

"இல்லேன்னா?"

அவள் பூட்டை உடைக்கக் கல்லை ஓங்கினாள். அவன் தடுக்கவும் இல்லை, சாவியை எடுக்கவும் இல்லை. ஓடைப்பக்கம் மூடிக்கிடந்த பனியைப் பார்த்தவள் கல்லைக் கீழே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

தீர்த்தானைப் போர்வையில் கிடத்தி மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மூன்றாவது வளைவில் மூச்சு நின்றது. கையெழுத்துப் போட்ட சீட்டோடு பிலவேந்திரன் எதிரே ஏறி வந்தான். ஃபோர்மேன் கால் பிசகி, மேலே ஏற முடியாமல், பன்னிரண்டு மணிக்கே ரோட்டுக்கு இறங்கிவிட்டாராம்.

சுவிட்சைப் போடச் சொன்ன பிலவேந்திரன், போட மறுத்த சடையன், ஓங்கிய கல்லைக் கீழே போட்ட குப்பாயி. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

சடையன் செய்ததே சரி. பிலவேந்திரன் சொன்னது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. சொன்னபோது அது அவனுக்கே வெறும் ஊகம். ஊகத்தை நம்பி, கம்பத்தில் இருக்கக்கூடிய ஒருவனைக் கொல்லத் துணிய முடியாது. குப்பாயிக்கும் அது தெரிந்திருந்தது. அவள் பூட்டை உடைத்திருந்தாலும் அவளைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வராது. பதினாறாம் நாள் வாசலில் வந்து நின்ற சடையனிடம் அவள் சொன்னாள்: "நீ செஞ்சது சரிதாண்ணா. ஆனா கொஞ்ச நாளைக்கு என் கண்ணு முன்னால வராதே."