நெஞ்சு இரையுது

டாக்டர் தாணுலிங்கத்துக்கு எதிலும் வேகம். நோயாளி வாயைத் திறந்து மூடுவதற்குள் சீட்டில் எழுதி முடித்திருப்பார். ஆஸ்பத்திரியில் அதற்காகவே அவருக்கு நல்ல பெயர்.

அன்று காலை கொத்தனார் இசக்கியப்பனை மூச்சுத் திணறலோடு தூக்கி வந்தார்கள். எக்ஸ்ரேயில் இடது நெஞ்சு முழுக்கக் காற்றும் நீரும் தெரிந்தன. நெஞ்சில் குழாய் போட்டு அதை வெளியேற்றத் தாணுலிங்கம் கத்தியைக் கையில் எடுத்துவிட்டார்.

அவருக்கு அறுவை சிகிச்சை கற்றுக்கொடுத்த டாக்டர் ஜெபசீலி உள்ளே வந்தார்.

“ஒரு நிமிஷம், தாணு. அண்ணாச்சி, என்ன செய்யுது?”

“நெஞ்சு இரையுதும்மா.”

“ஆஸ்துமா, மேடம்,” என்றார் தாணுலிங்கம். “ரெண்டு வருஷமா மருந்து எடுக்கிறார். நான்தான் எழுதிக் கொடுத்தேன்.”

ஜெபசீலி நோயாளியைத்தான் பார்த்தார். “மூச்சு இரைக்குதா, நெஞ்சு இரையுதா?”

“மூச்சு இல்லம்மா. பசிச்சா வயிறு இரையும்லா, அது எனக்கு நெஞ்சுல இரையும்.”

“எங்கயாவது விழுந்தீங்களா?”

“மூணு வருஷம் முன்னாடி சாரத்துல இருந்து விழுந்தேன். விலா ரெண்டு முறிஞ்சு, பிறகு தானா கூடிட்டு.”

ஜெபசீலி ஸ்டெதஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்து, காதுப்பக்கத்தைத் தாணுலிங்கத்திடம் நீட்டினார். அவர் காதில் மாட்டிக் கேட்டார். நெஞ்சுக்குள் வயிறு கடமுடவென்று உருண்டுகொண்டிருந்தது. தாணுலிங்கம் கத்தியைத் தட்டில் வைத்தார்.

ஸ்கேனும் அதையே காட்டியது. அன்று விழுந்ததில் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்திருக்கிறது. அந்த ஓட்டை வழியே இரைப்பை மெல்ல மேலேறி, இப்போது சிக்கிக்கொண்டது.

மதியத்துக்குள் வயிற்றைத் திறந்தார்கள். ஜெபசீலி இரைப்பையை அலுங்காமல் கீழே இறக்கினார். நல்லவேளை, அது அழுகி நிறம் கெட்டிருக்கவில்லை. கிழிசலைத் தாணுலிங்கத்தையே தைக்கச் சொன்னார். அவரும் கை நடுங்காமல் தைத்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நசுங்கிக் கிடந்த நுரையீரல் விரிந்தது.

கை கழுவும்போது தாணுலிங்கம் மெல்லச் சொன்னார்.

“நான் நெஞ்சுல கத்தியை வெச்சிருந்தா இரைப்பையைக் குத்தியிருப்பேன், மேடம்.”

“ஆமா.”

“ரெண்டு வருஷம் முன்னாடியும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார்.”

“சொல்லியிருப்பார்.”

“இனி நான் என்ன செய்யணும்?”

ஜெபசீலி துண்டை நீட்டினார்.

“வெளியில ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. என்ன செய்யுதுன்னு கேளுங்க. அவங்க சொல்லி முடிச்சதும், ‘அப்புறம்?’னு ஒரு தடவை கேளுங்க.”